99 பேர் ஆர்கெஸ்ட்ரா லேப்டாப்பில் அடங்குமா? சாம்பிள் லைப்ரரிகள் வேலை செய்வது எப்படி?

திரையில் நாயகன் மலை உச்சியில் நிற்கிறான். பின்னணியில் வயலின்கள் மெல்ல எழும்புகின்றன, ஹார்ன்கள் சேர்ந்துகொள்கின்றன, பெரிய முரசு ஒன்று அதிர்கிறது. கேட்பவருக்கு எண்பது, நூறு கலைஞர்கள் ஒரே அரங்கில் உட்கார்ந்து வாசிப்பது போலத்தான் தோன்றும். ஆனால் அந்த இசையை ஒரே ஒருவர், தன் வீட்டு அறையில், ஒரு லேப்டாப்பையும் சின்ன கீபோர்டையும் வைத்துக்கொண்டு இரவோடு இரவாக முடித்துக் கொடுத்திருக்கலாம். விளம்பரம், வெப் சீரிஸ், வீடியோ கேம், யூடியூப் ஆவணப்படம் என்று இன்று காதில் விழும் ஆர்கெஸ்ட்ரா இசையில் இப்படி உருவாவது நிறையவே உண்டு.

இதைச் சாத்தியமாக்குவது 'ஆர்கெஸ்ட்ரா சாம்பிள் லைப்ரரி' என்கிற மென்பொருள். வாங்க நினைக்கும் எவரும் கேட்பது இரண்டே கேள்விகள். பயன்படுத்தச் சுலபமா? கேட்டால் நிஜம் மாதிரி இருக்குமா? விளம்பரங்களைப் பார்த்தால் இரண்டுக்கும் 'ஆமாம்' என்றுதான் பதில். வாங்கி, இன்ஸ்டால் செய்து, கீயைத் தொட்டுப் பார்க்கும்போதுதான் ஒன்று கூடினால் இன்னொன்று குறைகிறது என்பது புரிகிறது. ஏன் அப்படி?

முதலில், சாம்பிள் என்றால் என்ன?

விஷயம் எளிமையானது. ஒரு வயலின் கலைஞரை ஸ்டூடியோவில் உட்கார வைத்து, அவரிடம் 'ஸ' மட்டும் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்கிறார்கள். அடுத்து 'ரி'. இப்படி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து, கீபோர்டின் ஒவ்வொரு கட்டைக்கும் ஒன்றாகப் பொருத்திவிடுகிறார்கள். கட்டையை அழுத்தினால் அந்தப் பதிவு ஒலிக்கும். அந்த ஒவ்வொரு துண்டுப் பதிவும் ஒரு சாம்பிள். அவற்றின் தொகுப்பு லைப்ரரி.

இந்த யோசனை கம்ப்யூட்டருக்கும் முந்தியது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1963-ல் வந்த 'மெல்லோட்ரான்' என்ற கருவியில் ஒவ்வொரு கட்டைக்குக் கீழேயும் ஒரு காந்த நாடா இருந்தது. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். சுமார் எட்டு நொடியில் தீர்ந்துவிடும். விட்டால்தான் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். பீட்டில்ஸ் குழுவின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபார்எவர்' பாடலின் தொடக்கத்தில் வரும் புல்லாங்குழல், இந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான். எங்கள் பிழைப்பு போய்விடுமோ என்ற பயம் பிரிட்டன் இசைக் கலைஞர் சங்கத்துக்கு அப்போதே வந்துவிட்டது.

1979-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து 'ஃபேர்லைட்' வந்தது. ஒலியை எண்களாக மாற்றிச் சேமிக்கும் கருவி. அதில் இருந்த ஒரு சாம்பிள், ஸ்ட்ராவின்ஸ்கியின் 'தி ஃபயர்பேர்ட்' இசைத்தட்டிலிருந்து வெட்டி எடுத்த ஒரே ஒரு ஆர்கெஸ்ட்ரா அடி. எண்பதுகளின் பாப், ஹிப்ஹாப் பாடல்களில் அடிக்கடி வரும் அந்த 'ஜான்!' என்ற சத்தம் பிறந்தது இங்கேதான். அது நிஜ ஆர்கெஸ்ட்ரா போல இருக்கிறதா என்று அன்று யாரும் கேட்கவில்லை. அதற்கு வழியும் இல்லை. கருவிகளின் நினைவகம் அவ்வளவு சின்னது.

அந்தத் தடையை உடைத்தது 1998-ல் வந்த 'கிகாசாம்ப்லர்' என்ற மென்பொருள். அதுவரை சாம்பிள் முழுவதும் ரேமில் ஏறினால்தான் ஒலிக்கும். இது ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, அது ஒலிக்கும் நேரத்தில் மீதியை ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்து ஓட்டியது. கேட்கச் சின்ன தந்திரம். ஆனால் அதற்குப் பிறகு லைப்ரரிகளின் அளவுக்கு எல்லையே இல்லாமல் போனது.

ஒரு வயலினுக்கு எத்தனை பதிவுகள்?

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வயலினில் வசதியாக வாசிக்கக்கூடியவை சுமார் 45 ஸ்வரங்கள். மெதுவாக வாசித்தால் ஒரு நிறம், பலமாக வாசித்தால் வேறு நிறம் என்பதால், மெல்லியதிலிருந்து உரத்தது வரை நான்கு நிலைகளில் பதிவு செய்ய வேண்டும். ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் இயந்திரத் துப்பாக்கி சுடுவது மாதிரி இருக்கும். அதைத் தவிர்க்க ஒரே ஸ்வரத்தை நான்கு முறை வாசிக்க வைத்து, சுழற்சி முறையில் பயன்படுத்துகிறார்கள். இதற்கு 'ரவுண்ட் ராபின்' என்று பெயர். 45 × 4 × 4 என்றால் 720. இது, வெட்டி வெட்டி வாசிக்கும் 'ஸ்டக்காட்டோ' என்ற ஒரே ஒரு பாணிக்கு மட்டும்.

வில்லை நீளமாக இழுப்பது, தந்தியை விரலால் சுண்டுவது, வில்லை நடுங்கவிடுவது என்று பத்து பாணிகள் சேர்ந்தால் ஆயிரக்கணக்கில் போய்விடும். ஒவ்வொன்றையும் அருகில் ஒரு மைக், நடத்துநர் தலைக்கு மேல் ஒரு மைக், அரங்கின் பின்னால் ஒரு மைக் என்று பதிவு செய்தால் அதுவும் பெருகும். இதெல்லாம் ஒரே ஒரு வாத்தியத்துக்கு.

லண்டனின் மைடா வேல் ஸ்டூடியோவில் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் 99 கலைஞர்களை வைத்து, ஸ்பிட்ஃபயர் ஆடியோ நிறுவனம் 2019-ல் வெளியிட்ட லைப்ரரியின் முழுப் பதிப்பு சுமார் 600 ஜிபி. இதே லைப்ரரியின் 'டிஸ்கவர்' என்ற குட்டிப் பதிப்பு சுமார் 200 எம்பி. அது 2020-ல் வந்தபோது 49 பவுண்டு கொடுத்தும் வாங்கலாம். இல்லையென்றால் ஒரு கேள்வித்தாளை நிரப்பிவிட்டு 14 நாள் காத்திருந்து இலவசமாகவும் பெறலாம். 600 ஜிபி எங்கே, 200 எம்பி எங்கே! இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும். ஆனால் ஆச்சரியம், எண்கள் சொல்லும் மூவாயிரம் மடங்கு வித்தியாசம் காதில் தெரியாது. காரணம், நிஜத்தன்மை பதிவுகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை.

ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையே

ஒரு சின்ன சோதனை செய்யலாம். யாராவது வயலினில் ஒரு தாலாட்டு மெட்டை வாசிக்கும்போது கண்ணை மூடிக் கேளுங்கள். ஒரு ஸ்வரம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் எது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. வில் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது; இடது கை விரல் மட்டும் நகர்கிறது. அந்த நகர்வில் கேட்கும் மெல்லிய வழுக்கல், ஒரு கணம் ஒலி தளர்ந்து மறுபடி பிடித்துக்கொள்வது, இவைதான் காதுக்கு 'இது மனிதர்' என்று சொல்பவை.

தனித்தனி ஸ்வரங்களை மட்டும் பதிவு செய்த பழைய லைப்ரரிகளில் இது இல்லை. ஒன்று முடியும், அடுத்தது முதலிலிருந்து தொடங்கும். நடந்துபோகிறவரின் காலடிகளை மட்டும் போட்டோ எடுத்து வரிசையாக ஒட்டியது மாதிரி.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹெர்ப் டுக்மாண்டல் என்ற செல்லோ கலைஞர் தொடங்கிய 'வியன்னா சிம்பொனிக் லைப்ரரி' 2000-களின் தொடக்கத்தில் இதைக் கையில் எடுத்தது. ஸ்வரங்களோடு, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதையையும் பதிவு செய்தார்கள். 'ஸ'விலிருந்து 'ரி', 'ஸ'விலிருந்து 'க', மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. ஒரு ஆக்டேவுக்குள் வரும் தாவல்களை மட்டும் எடுத்தால்கூட, நாம் சொன்ன 45 ஸ்வரங்களுக்கு 900-க்கும் மேற்பட்ட பாதைகள். சலிப்பு தட்டும் வேலை. ஸ்டூடியோவில் உட்கார்ந்து நாள் முழுக்க இரண்டு இரண்டு ஸ்வரங்களாக வாசித்த கலைஞர்களின் பொறுமைக்குத் தனியாக ஒரு கைதட்டல் கொடுக்கலாம். இன்று 'ட்ரூ லெகாட்டோ' என்று எல்லா நிறுவனங்களும் விற்பது இதைத்தான்.

சரி, பாதையும் பதிவாகிவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா? இங்கேதான் புதுத் தலைவலி ஆரம்பிக்கிறது.

நீங்கள் கீபோர்டில் 'ஸ' அழுத்தியிருக்கிறீர்கள். அடுத்து எந்தக் கட்டையைத் தொடப்போகிறீர்கள் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. நீங்கள் 'ப'வை அழுத்திய பிறகுதான், "ஓ, ஸ-விலிருந்து ப-வுக்கு" என்று தெரிந்து, அந்தப் பாதையை ஒலிக்கத் தொடங்கும். அந்தப் பாதை முடிந்த பிறகே 'ப' வந்து சேரும். ஆக, அழுத்திய நேரத்துக்கும் ஸ்வரம் கேட்கும் நேரத்துக்கும் இடையே ஒரு தாமதம். சில லைப்ரரிகளில் மெதுவான லெகாட்டோவுக்கு இந்தத் தாமதம் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு வரை போகும். பாதை எவ்வளவு இயல்பாகப் பதிவாகியிருக்கிறதோ, அவ்வளவு தாமதம்.

வாசித்துப் பார்க்கிறவருக்கு இது பைத்தியம் பிடிக்க வைக்கும். தாளத்தோடு சரியாக அழுத்துகிறார். வயலின் மட்டும் பின்தங்கி வருகிறது. எனவே பதிவு செய்த பிறகு ஒவ்வொரு ஸ்வரத்தையும் திரையில் பிடித்து, சற்று முன்னால் நகர்த்த வேண்டும். வேகமான லெகாட்டோவுக்கு ஓர் அளவு, மெதுவானதற்கு இன்னோர் அளவு, ஸ்டக்காட்டோவுக்கு வேறு. நிறுவனத்துக்கு நிறுவனமும் மாறும்.

நிஜ வயலின் கலைஞருக்கு இந்தச் சிக்கலே இல்லை. எதிரே இசைத்தாள் இருக்கிறது. அடுத்த ஸ்வரம் எது, அதற்கடுத்து என்ன என்று அவர் கண் முன்னே ஓடிக்கொண்டிருக்கிறது. 'ப' வர வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்பே விரல் நகரத் தொடங்கிவிடுகிறது. கீபோர்டில் வாசிக்கும் மென்பொருளுக்கு எதிர்காலம் தெரியாது. சுலபமா, நிஜமா என்ற இழுபறியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

முன்னால் படிக்கும் மென்பொருள்

இதை வேறு பக்கத்திலிருந்து அணுகியவர் ஸ்வீடனின் ஆர்ன் வாலாண்டர். அவர் உருவாக்கிய 'நோட்பெர்ஃபார்மர்', சிபேலியஸ், டோரிகோ போன்ற இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள்களோடு சேர்ந்து வேலை செய்கிறது. பிளே பட்டனை அழுத்தினால் சுமார் ஒரு நொடி எதுவும் கேட்காது. அந்த ஒரு நொடியில் அது வரப்போகும் ஸ்வரங்களைப் படித்துவிடுகிறது. இது ஒரு வாக்கியத்தின் தொடக்கமா, முடிவா, அடுத்தது பெரிய தாவலா என்று பார்த்து, அதற்கேற்ப எந்த ஸ்வரத்தை அழுத்தி, எதை மெதுவாக விடுவது என்று தானே முடிவு செய்கிறது. பயன்படுத்துபவர் செய்ய வேண்டியது, தாளில் ஒழுங்காக எழுதுவது மட்டும்.

அளவில் மிகச் சின்னது. தனியாக ஒரு வாத்தியத்தைக் கேட்டால், பெரிய அரங்கில் பதிவான லைப்ரரியின் செழிப்பு இருக்காது. கொஞ்சம் சாதுவாகத்தான் ஒலிக்கும். ஆனால் முழு ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும்போது வாக்கியங்கள் வாக்கியங்களாகக் கேட்கின்றன. அதனால்தான் சினிமா சத்தத்தை விரும்புகிறவர்கள் இதை ஒதுக்க, இசைத்தாளில் எழுதுகிறவர்கள் கொண்டாடுகிறார்கள். 2023-ல் வந்த நான்காவது பதிப்பில் இன்னொரு படி போய், மற்ற நிறுவனங்களின் பெரிய லைப்ரரிகளையே இது வாசிக்கத் தொடங்கியது. ஒலி அவர்களுடையது, வாசிப்பு இவருடையது.

அதற்குச் சற்று முன்பு, 2022 டிசம்பரில் வந்த மியூஸ்ஸ்கோர் 4-ம் அதே திசையில்தான் வந்தது. இசைக்குறிப்பு எழுதும் அந்த மென்பொருளும் இலவசம். அதனுடன் வரும் 'மியூஸ் சவுண்ட்ஸ்' ஆர்கெஸ்ட்ராவும் இலவசம். இசை படிக்கும் மாணவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

இடது கையில் ஒரு சக்கரம்

இன்னொரு சிக்கல், ஒலியின் ஏற்ற இறக்கம். பியானோவில் கட்டையை அடித்த பிறகு அந்த ஸ்வரத்தை உரக்கச் செய்ய முடியாது. வயலினிலும் குழலிலும் முடியும். அதில்தான் அவற்றின் உயிரே இருக்கிறது. ஆனால் சாம்பிள் லைப்ரரியை வாசிப்பது பியானோ மாதிரியான கீபோர்டில்.

எனவே வலது கை ஸ்வரங்களை அழுத்த, இடது கை 'மாட் வீல்' என்ற சின்னச் சக்கரத்தை மேலும் கீழுமாக நகர்த்த வேண்டும். சக்கரம் மேலே போகப் போக, மெல்லிய பதிவு மறைந்து உரத்த பதிவு தலைகாட்டும். இந்த அசைவு 0 முதல் 127 வரையிலான எண்களாகப் பதிவாகும். 1983-ல் வந்த 'மிடி' என்ற பொது மொழி வகுத்த அளவு அது. சக்கரத்தை ஒரே இடத்தில் விட்டுவிட்டால், 600 ஜிபி லைப்ரரியும் ஹார்மோனியம் மாதிரிதான் ஒலிக்கும். நன்றாக அசைக்கத் தெரிந்தவர் கையில் 200 எம்பி லைப்ரரிகூடப் பாடும். முதல்முறை வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். "டெமோவில் கேட்டது மாதிரி எனக்கு வரலையே" என்று புலம்புவார்கள். டெமோவை வாசித்தவர் சக்கரத்தோடு எத்தனை மணி நேரம் போராடினார் என்பது விளம்பரத்தில் வராது.

ஒரு பதிவு மறைந்து இன்னொன்று வரும் அந்த இடமும் ஆபத்தானது. பதினாறு வயலின்கள் சேர்ந்து வாசிக்கும் பதிவில் இது தெரியாது. ஒரே ஒரு வயலின் என்றால், மாறும் கணத்தில் இரண்டு பேர் வாசிப்பது போல ஒரு மங்கல் வந்துவிடும். கேட்கும் நமக்கு விசித்திரமாகப் படலாம். நூறு பேர் கூட்டத்தைப் போலியாக உருவாக்குவது எளிது, தனியாக நிற்கும் ஒருவரை உருவாக்குவதுதான் கடினம்.

இதற்குத் தீர்வாகப் பதிவுகளையே நம்பாமல், வில்லும் தந்தியும் உரசுவதைக் கணக்கீடுகளால் உருவாக்கும் முறை ஒன்று இருக்கிறது. இத்தாலியின் ஆடியோ மாடலிங் நிறுவனத்தின் 'ஸ்வாம்' வாத்தியங்கள் அந்த வகை. தாமதம் கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் வளைக்கலாம். ஆனால் வில்லின் அழுத்தம், வேகம், அதிர்வு எல்லாவற்றையும் நீங்களே தர வேண்டும். ஊதும்போது மூச்சை அளக்கும் கருவி, காலுக்கு ஒரு பெடல் என்று சேர்த்துக்கொண்டு பல மாதம் பழகினால்தான் பிடிபடும். கடைசியில், ஒரு வாத்தியம் கற்றுக்கொண்டதாகத்தான் ஆகும்.

சுலபமும் நிஜமும் கைகோக்கும் இடம்

எப்போதும் மோதல்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. வியன்னாக்காரர்கள் முதலில் எதிரொலி ஏதும் இல்லாத அமைதியான ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். எந்த அரங்கில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் வசதி. ஆனால் அரங்கை நீங்கள்தான் கட்ட வேண்டும். அமெரிக்காவின் ஈஸ்ட்வெஸ்ட் நிறுவனம் 2003-ல் வெளியிட்ட லைப்ரரி, இசை அரங்கிலேயே பதிவானது. பிபிசி லைப்ரரியும் அப்படித்தான்: ஒவ்வொரு கலைஞரும் கச்சேரியில் தனக்குரிய நாற்காலியிலேயே உட்கார்ந்து வாசித்திருக்கிறார். வயலின் இடப்பக்கம், செல்லோ வலப்பக்கம், ஹார்ன் பின்னால் தூரத்தில். மென்பொருளைத் திறந்ததுமே எல்லாம் அதனதன் இடத்தில், அதனதன் அளவில் ஒலிக்கிறது. இங்கே சோம்பேறிக்கும் நிஜமான ஒலி கிடைக்கிறது. டிஸ்கவரில் தொடங்கிய பாட்டை, பணம் சேர்ந்த பிறகு முழுப் பதிப்பில் திறக்கவும் முடியும்.

அந்த மைடா வேல் கட்டடத்தை பிபிசி 2023-ல் விற்றது. வாங்கியவர்களில் ஒருவர் ஹான்ஸ் ஸிம்மர். 344 தந்திக் கலைஞர்களை வைத்துத் தன் பெயரிலேயே ஒரு லைப்ரரி வரக் காரணமாக இருந்தவர். எந்தக் கச்சேரி மேடையும் தாங்காத எண்ணிக்கை அது. நிஜம் மாதிரி என்பதைத் தாண்டி, நிஜத்தில் இல்லாததையும் இந்த மென்பொருள்கள் விற்கத் தொடங்கிவிட்டன.

சுலபம் எங்கே காலை வாரும்?

இரண்டு கையாலும் கீபோர்டை அழுத்தினால் மொத்தத் தந்தி வாத்தியங்களும் எழுந்து நிற்கும் வசதி, இன்று அநேகமாக எல்லா லைப்ரரியிலும் உண்டு. ஐந்து நிமிடத்தில் சினிமா சத்தம் கிடைத்துவிடும். ஆனால் ஒரு கணக்கு. முதல் வயலின் பிரிவில் 16 பேர் என்றால், ஒரு கட்டையை அழுத்தினால் 16 பேர் ஒலிக்கிறார்கள். மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால்? 48 பேர். நிஜத்தில் அந்த 16 பேரும் மூன்றாகப் பிரிந்து வாசிப்பார்கள். ஒலி மெலிந்து, வேறொரு மென்மை வரும். மென்பொருளில் அது வருவதில்லை. 2009-ல் வந்த 'எல்.ஏ. ஸ்கோரிங் ஸ்ட்ரிங்ஸ்' போன்ற சில லைப்ரரிகள் பிரிவுகளைத் தனித்தனியாகப் பதிவு செய்து இதைச் சரிசெய்ய முயன்றன. பெரும்பாலானோர் இந்த வேலைக்கே போவதில்லை. 48 வயலின் கேட்க நன்றாகத்தானே இருக்கிறது!

இப்படி இன்னும் பல. லைப்ரரியில் ஹார்ன் வாசிப்பவருக்கு மூச்சு வாங்காது. கட்டையை அழுத்தியிருக்கும்வரை ஊதுவார். புல்லாங்குழலின் கீழ் ஸ்வரங்கள் இயல்பிலேயே மெலிந்தவை. பக்கத்தில் ட்ராம்போன் ஊதினால் காணாமல் போய்விடும். மென்பொருளில் குழலின் ஸ்லைடரை மேலே தள்ளினால் போதும், ட்ராம்போனை அமுக்கிவிட்டு அது ஒலிக்கும்.

வெறும் லேப்டாப்பில் பிறந்து, அங்கேயே முடியும் இசைக்கு இதனால் எந்த நஷ்டமும் இல்லை. வில்லங்கம், அந்த இசை நிஜமான கலைஞர்கள் முன் தாளாகப் போகும்போது. டெமோவைக் கேட்டு இயக்குநர் பல வாரம் பழகியிருப்பார்; எடிட்டிங்கும் அதற்கேற்ப முடிந்திருக்கும். ஸ்டூடியோவில் எண்பது பேர் உட்கார்ந்திருக்க, நிமிடத்துக்கு நிமிடம் செலவு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் குழல் கேட்கவில்லை, ஹார்ன்காரருக்கு மூச்சு போதவில்லை என்பது தெரியவரும். "டெமோவில் நல்லா இருந்ததே" என்ற வார்த்தை, எழுதியவரின் வயிற்றைக் கலக்கும்.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடக்கிறது. லைப்ரரிக்கு நன்றாக வருவது எதுவோ, இசையும் அதை நோக்கியே நகர்கிறது. நீண்டு ஒலிக்கும் தந்திகள், வெட்டி வெட்டி ஓடும் செல்லோக்கள், அதிரும் முரசுகள் சாம்பிளில் பிரமாதமாக வரும். மெட்டு வேகமாக ஓடி, திடீரென்று தயங்கி, மறுபடி துள்ளுவது வராது. டிரெய்லர் இசை எல்லாம் ஏன் ஒன்றுபோலவே இருக்கிறது என்ற கேள்விக்கு இது முழுப் பதில் இல்லை என்றாலும், பாதிப் பதிலாவது இருக்கும்.

சென்னையில்?

இந்தக் கதைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் இரண்டு ஓரங்கள் உண்டு. இசைத்தாளில் நேரடியாக எழுதி, கலைஞர்கள் முன் வைப்பது இளையராஜாவின் வழி. 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. கணினியும் கீபோர்டும் இசையமைப்பின் மையத்துக்கு வந்தது 1992-ல் 'ரோஜா' வெளியான பிறகு வேகமெடுத்தது, அதே ஏ.ஆர். ரஹ்மான்தான் பின்னாளில் கே.எம். இசைக் கல்லூரியையும், வசதியில்லாத பிள்ளைகள் வாசிக்கும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவையும் தொடங்கினார்.

நம் ஊர் மெட்டுகளுக்கு இந்த லைப்ரரிகள் தரும் கூடுதல் தலைவலி, கமகம். இவற்றில் பதிவான பாதைகள் மேற்கத்திய முறையில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவை. தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதே இல்லை. அசைவுதான் அந்த ஸ்வரம். 900 பாதைகள் பதிவான லைப்ரரியிலும் அந்த அசைவு கிடையாது. பிட்ச் வீலைத் திருகி வரவழைக்கப் பார்த்தால், வயலினோடு சேர்ந்து அதன் அரங்கும் எதிரொலியும் வளையும். கேட்டால் சிரிப்பு வரும்.

அப்படியானால் எதை எடுப்பது?

இப்போதுதான் தொடங்குகிறவர் 600 ஜிபி பக்கம் போகவே வேண்டாம். அதற்கு வேகமான எஸ்எஸ்டி, தாராளமான ரேம் எல்லாம் வேண்டும். அந்தக் காசு லைப்ரரி விலையைத் தாண்டிவிடும். இசைத்தாள் தெரிந்தவர்களுக்கு மியூஸ்ஸ்கோர் போதும். கீபோர்டில் வாசித்துப் பழகியவர்கள் டிஸ்கவரை இறக்கிக்கொண்டு, ஒரே ஒரு மெட்டை எடுத்து, சக்கரத்தை அசைக்கப் பழகலாம். அது கைவந்த பிறகு தங்களுக்கு எது போதவில்லை என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும். லெகாட்டோவா, அரங்க ஒலியா, தனி வயலினா என்று தெரியாமல் தள்ளுபடி விலையைப் பார்த்து வாங்கிக் குவித்தவர்களின் ஹார்ட் டிஸ்குகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

பட்ஜெட் குறைவான படங்களில் பலர் கையாளும் வழி ஒன்று உண்டு. ஆர்கெஸ்ட்ரா முழுவதையும் லைப்ரரியில் முடித்துவிட்டு, ஒரே ஒரு வயலின் கலைஞரைக் கூப்பிட்டு முக்கிய மெட்டை அதன் மேல் வாசிக்க வைப்பார்கள். நேரில் வர முடியாவிட்டால் அவர் வீட்டிலேயே பதிவு செய்து ஃபைலை அனுப்பிவிடுவார். காது அந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகும். பின்னால் இருக்கும் பதினைந்து பேரும் நிஜமாகவே உட்கார்ந்திருப்பதாக நம்பிவிடும்.